'வொஸ்'ஸா 'வேர்'ரா? அரைப் புள்ளிக்கு ஒரு சண்டை

குளக்கட்டு (கிளிநொச்சி):
மகள் ஓ.எல் (சாதாரணதரச் சோதனை) எடுக்கப்போகிறாள். ரியூசனில், 'நான் கமக்காரனாக இருந்தால் மிளகாய் வளர்ப்பேன்' என்பதற்கு "இஃப் ஐ வொஸ் எ ஃபாமர், ஐ வுட் குறோ சில்லீஸ்" என்று எழுதினாளாம். 'வொஸ்'ஸைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அரைப் புள்ளியை வெட்டிவிட்டார்கள். 'வேர்' வரவேண்டுமாம். ஆங்கிலப் படங்களில் வெள்ளைக்காரனே 'இஃப் ஐ வொஸ்' என்றுதானே பேசுகிறான்?

சிவப்புப்பேனை (மல்லாவி):
தம்பி, பேச்சு வேறு, சோதனைத்தாள் வேறு. இல்லாததைக் கற்பனை செய்யும்போது 'ஐ', 'ஹீ', எது வந்தாலும் 'வேர்' போடுவதுதான் முறையான எழுத்து. 'வொஸ்'ஸுக்கு வேறு வேலை இருக்கிறது. "இஃப் ஐ வொஸ் றூட், ஐ ஆம் சொறி." நேற்று மரியாதையில்லாமல் பேசினேனோ என்னவோ, பேசியிருந்தால் மன்னியுங்கள். அது கற்பனையில்லை. அங்கே 'வேர்' போட்டால்தான் பிழை.

குளக்கட்டு:
சரி சேர், மற்ற வினைகளுக்கு என்ன செய்கிறார்கள்? "இஃப் ஐ ஹாட் எ டிராக்டர்" என்பதில் 'ஹாட்' கற்பனைக்கும் நடந்த கதைக்கும் ஒன்றுதானே. யாரும் குழம்பவில்லை. பின்னால் வரும் 'வுட்'டே போதும். 'வொஸ்', 'வேர்' என்று மாறுகிற 'பி' என்ற ஒரே ஒரு வினைக்கு மட்டும் ஏன் இந்தச் சடங்கு?

முறிகண்டிச்சந்தி:
இரண்டு பேரும் அரைப் புள்ளியில் நிற்கிறீர்கள். நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன், என் தலையிடி வேறொன்று. 'வந்தான்' என்பதில் இருக்கிற அதே இறந்தகாலம்தான் 'வந்தால்' என்பதிலும் இருக்கிறது. ஆனாலும் "நாளைக்கு மழை வந்தால்" என்கிறோம். ஆகவே கற்பனைக்கு இறந்தகாலம் போடுவது எங்கள் பிள்ளைகளுக்குப் புதினமில்லை. சிக்கல் என்னவென்றால், மழை வரக்கூடியதோ வராததோ, தமிழுக்கு ஒரே 'வந்தால்'தான். ஆங்கிலத்தில் வரக்கூடியதென்றால் 'இஃப் இட் றெயின்ஸ், ஐ வில்', வரும் என்று நம்பிக்கையில்லையென்றால் 'இஃப் இட் றெயின்ட், ஐ வுட்'. இங்கேதான் பிள்ளைகள் 'இஃப் இட் வுட் றெயின்' என்று எழுதிவிட்டு முழிக்கிறார்கள்.

'பெய்திருந்தால் விதைத்திருப்பேன்' என்பதற்குப் பிரச்சினையே இல்லை, 'ஹாட்', 'வுட் ஹாவ்' என்று நேரே பொருந்தும். முன்பாதி முடிந்த கதை, பின்பாதி இன்றைய நிலை என்று கலந்து வந்தால்தான் கரைச்சல். 2018 டிசம்பர் வெள்ளம் என் காலபோகப் பயிரை மூடியது. "அது வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கடன் இல்லை." முன்பாதி 'ஹாட் நொட் கம்', பின்பாதி 'வுட் நொட் பி'. இதைச் சரியாக எழுதிய பிள்ளைக்கு, 'வுட் நொட் ஹாவ் பீன்' வரவேண்டுமென்று பிழை போட்டார்கள். கடன் இன்னும் இருக்கிறது ஐயா!

சிவப்புப்பேனை:
அது அநியாயம்தான். குளக்கட்டு, அந்த ரியூசன் மாஸ்ரர் இடத்தில் நான் இருந்தாலும் வட்டம் போடுவேன். ஆனால் புள்ளி வெட்டமாட்டேன்.

குளக்கட்டு:
வெட்டாவிட்டால் வட்டம் எதற்கு சேர்? அதை நாளைக்குக் கேட்கிறேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் வாட்டர் த சில்லீஸ்" என்கிறாள். மோட்டரைப் போடப் போகிறேன்.