பள்ளி வாசலில் விளம்பரம்: கடலூர்ப் பெற்றோர் வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். என் மகள் இரண்டாம் வகுப்பு. போன வாரம் எட்டு கிரீம் பிஸ்கட் உறைகளைக் கழுவி, துணி கிளிப் மாட்டி ஜன்னல் கம்பியில் வரிசையாகக் காயவைத்திருந்தாள். "இன்னும் இரண்டு சேர்ந்தால் பை கிடைக்கும் அம்மா. என்னிடம் மட்டும்தான் இல்லை" என்றாள்.

பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பரிசு கொடுத்த அந்த பிஸ்கட் நிறுவனத்தின் ஆட்கள் பள்ளி வாசலிலேயே நின்று, பத்து உறை சேர்த்தால் பை என்று பிள்ளைகளிடம் விளம்பர அட்டை கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீச்சர் சொல்வது எது, விளம்பரம் எது என்று ஏழு வயதுப் பிள்ளை எப்படிப் பிரித்தறியும்? பள்ளியின்மேல் அது வைத்திருக்கும் நம்பிக்கையை அல்லவா காசாக்குகிறார்கள்! மனசு ஆறவில்லை.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள், கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்கின்றன. வாங்காத பிள்ளையை மட்டமாக உணரவைக்கும் விளம்பரம் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறைகளும் சொல்கின்றன. சுவீடனில் 12 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரத்துக்கே தடை.

கிரீம் பிஸ்கட் அந்த 50 மீட்டர் விதிக்குள் வருமா? உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்தவர்கள், நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மனுவின் நகல் இருந்தால் அனுப்புங்கள். தலைமையாசிரியர் நல்லவர், அவர் மனம் நோகாமல் முதலில் பேசவே விரும்புகிறேன். சனிக்கிழமை காலை என்னோடு வரக்கூடிய பெற்றோர் தயவுசெய்து பெயர் கொடுங்கள்.