ஓடித் தேய்ந்த ஹைபிரிட் காரைக் கையைக் கடிக்காமல் பராமரிப்பது: உங்கள் அனுபவம் என்ன?

என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ், பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட், மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. "பேட்டரி போச்சுன்னா கார் விலைக்கே செலவு வரும்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் பயமுறுத்துவார்கள். பயம் நியாயம்தான். ஆனால் மோட்டாரை ஓட்டும் அந்தப் பெரிய பேட்டரி சீக்கிரம் சாவதற்கு முக்கியக் காரணம் சூடு. அந்தச் சூட்டைக் குறைக்க ஆகும் செலவு ஒரு பழைய டூத் பிரஷ்.

பின் சீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும், பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் அது வழியாகத்தான் காருக்குள் இருக்கும் காற்றை இழுக்கிறது. பை, போர்வை எதையாவது வைத்து அதை அடைத்துவிடுகிறோம். ஓரத்து பிளாஸ்டிக்கைக் கழற்றி ஃபேனை வெளியே எடுத்துப் பார்த்தபோது இறக்கைகளுக்கு நடுவே இருந்த குழிகள் எல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு அடைத்து வழவழவென்று ஆகியிருந்தன, காற்று போக வழியே இல்லை. சுரண்டி எடுத்து மாட்டியதும், வெயில் நேரத்தில் பின்னால் கேட்ட அந்த இரைச்சல் அடங்கிவிட்டது. இப்போது வருடம் ஒரு தடவை தவறாமல் செய்கிறேன். வேலையை ஆரம்பிக்கும் முன், பெரிய பேட்டரி தவிர தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள், அப்புறம் டிக்கிக் கதவை மூடிவிடாதீர்கள், அதன் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது, மூடிக்கொண்டால் உள்ளே தவழ்ந்து போய்த்தான் திறக்க வேண்டும்.

அந்த 12 வோல்ட் பேட்டரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் டேஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒன்றாக எரிந்தது, கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வரவே இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கையோடு இன்வெர்ட்டரை (பெரிய பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) மாற்றச் சொல்லிவிட்டார்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் கூட இல்லை. சின்ன பேட்டரியை மாற்றியதோடு எல்லாம் சரி. பெரிய செலவு என்று யார் சொன்னாலும் முதலில் இதை அளந்து பாருங்கள்.

இந்தத் தலைமுறையில் இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் கூலன்ட் பம்ப்பையும் கவனிக்க வேண்டும், 2012-ல் டொயோட்டாவே அதற்காக ரீகால் அறிவித்தது. கார் ரெடியில் இருக்கும்போது இன்வெர்ட்டர் கூலன்ட் தொட்டிக்குள் பாருங்கள், தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தால் பம்ப் ஓடுகிறது, அசையாமல் நின்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

*

நல்ல பதிவு. நான் பேட்டரி பக்கம் போனவன், அதனால் அதைச் சொல்கிறேன். ஹைபிரிட் பேட்டரி கெட்டுவிட்டது என்று சொல்லும் பி0ஏ80 கோடு வந்தது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியை மாட்டி போனில் பார்த்தால் பேட்டரியின் 14 பிளாக்கில் ஒன்றின் வோல்டேஜ் மட்டும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் மற்றவற்றை விட்டுத் தனியாகக் கீழே விழுகிறது. உள்ளே 28 மாட்யூல், அதாவது சின்னச் சின்ன பேட்டரிகள், ஒரு பிளாக்குக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 7.2 வோல்ட். கெட்டதை மட்டும் மாற்றலாம், மாற்றினேன், கொஞ்ச காலம் ஓடியது, அப்புறம் பக்கத்தில் இருந்தது படுத்துவிட்டது. பழைய கூட்டத்தில் ஒரு புதுசைச் சேர்த்தால் சுமை சரிசமமாகப் பங்காகாது. அதனால் என் கருத்து, காரை இன்னும் பல வருடம் ஓட்டுவதாக இருந்தால் முழு பேக்கையே மாற்றுவதுதான் சிக்கனம், விற்கப் போகிறீர்கள் என்றால் வேறு கணக்கு.

தயவுசெய்து யாரும் வீடியோ பார்த்த தைரியத்தில் இறங்காதீர்கள். உள்ளே 200 வோல்ட் டிசி. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, இன்வெர்ட்டர் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க பத்து நிமிஷம் காத்திருந்து, உயர் மின்னழுத்தத்துக்கான ரப்பர் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். பிளக்கை உருவினாலும் மாட்யூல்களுக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடமே கொடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

*

என் வண்டி வேறு மாடல். காலையில் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் ஒரு உதறு உதறும், கூலன்ட்டும் மெல்ல மெல்லக் குறையும். எஞ்சினுக்கே திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலரைக் கழற்றினால் கரி அடைத்துக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்தும் கூலன்ட் குறைந்ததால் எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டியதாயிற்று. உதறலும் கூலன்ட் குறைவும் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, பிரேக் பேட் தேயவில்லை என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. வேகத்தைக் குறைப்பதில் பாதி வேலையை மோட்டாரே செய்துவிடுவதால் பேட் பல வருடம் வரும், ஆனால் பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் அசைவில்லாமல் துருப்பிடித்து இறுகிவிடும். டயர் மாற்றும்போதே கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.