ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை

காத்திருக்கிறவள்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து 2 வருடம் 4 மாதம் ஆகிறது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. முதல் ஆறு மாதம் உபவாசம் இருந்து அழுது ஜெபித்தேன். இப்போது முழங்காலில் நின்றால் "ஆண்டவரே" என்பதோடு சரி. மற்றதெல்லாம் எப்போதோ சொல்லியாயிற்று.

காலையில் அவர் கையை என் மடியில் வைத்து, மணிக்கட்டைச் சற்று மடக்கி, இறுகிக் கிடக்கும் விரல்களைக் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவேன். விட்டதும் மெல்ல மூடிக்கொள்ளும். மறுபடி பிரிப்பேன். தினமும் பத்து முறை. அதை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

போன வாரம் ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "உங்களுக்கு விசுவாசம் இருந்திருந்தால் இதற்குள் எழுந்திருப்பார்" என்றார். அன்றிலிருந்து வேதத்தைத் திறக்கக் கை வரவில்லை. நீங்கள் எல்லாம் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்?

அதிகாலை:
சகோதரி, இன்று இரவு உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன். கேட்டதும் மனது பாரமாகிவிட்டது.

பழைய விளக்கு:
அம்மா, அந்த மனிதர் சொன்னதை முதலில் தூக்கிப் போடுங்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

வார்த்தை தீர்ந்துபோவதும் குற்றமில்லை. கெத்செமனேயில் இயேசுவே மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்று மத்தேயு 26-இல் இருக்கிறது. அவரே புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அன்னாள் ஆலயத்தில் உதட்டை மட்டும் அசைத்தாள், சத்தம் வரவில்லை. ஏலி அவளைக் குடித்தவள் என்றே நினைத்துவிட்டார். ஆசாரியரே தப்பாக நினைத்தார் என்றால், ஜெபக்கூட்டத்தில் ஒருவர் நினைப்பது பெரிதா?

என் மகன் என்னோடு பேசி ஐந்து வருடம் ஆகிறது. இன்னும் பேசவில்லை. சொந்த வார்த்தை வற்றிப்போன பிறகு, கர்த்தர் கற்பித்த "எங்கள் பிதாவே" ஜெபத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். படி ஏறும்போது படிக்கு ஒரு வரி. நீங்கள் விரலுக்கு ஒரு வரி சொல்லிப் பாருங்களேன். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, கை ஏற்கெனவே உங்கள் மடியில் இருக்கிறது.

கூட நிற்பவன்:
மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். அக்கா, உங்கள் பக்கத்தில் தாங்க ஆள் இருக்கிறார்களா? ராத்திரி அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது யார்? நீங்கள் கடைசியாக முழு இரவு தூங்கியது எப்போது? வாரத்தில் ஒரு இரவாவது யாரையாவது கேளுங்கள். தூக்கமில்லாத உடம்புக்கு ஜெபம் வராமல் போவது எனக்குத் தெரியும்.

காத்திருக்கிறவள்:
நன்றி. நாத்தனாரைச் சனிக்கிழமை இரவு வரச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை விரலுக்கு ஒரு வரி சொன்னேன். கட்டைவிரலுக்கு "எங்கள் பிதாவே". நாமம், ராஜ்யம் வரை வந்துவிட்டது. நான்காவது விரலைப் பிடித்தபோது "உம்முடைய சித்தம்" என்று வந்தது, அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அந்த விரலைப் பிடித்தபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் மற்ற மூன்றும் மூடிக்கொண்டன. அப்புறம் கட்டைவிரலிலிருந்து மறுபடி தொடங்கினேன்.