மேல்தெரு வீடுகள், அருவங்காடு (வாட்ஸ்அப் குழு)

செல்வி: நேற்றிரவும் கரடி வந்திருக்கிறது. கொய்யா மரத்தில் கிளை முறிந்து கிடக்கிறது. குப்பை வாளியை வெளியே வைக்காதீர்கள்.

செல்வி: அப்புறம் ஒரு சந்தேகம். கடையில் இந்துப்பு கிலோ 80 ரூபாய் என்கிறார்கள். போன வருடம் 50க்கு வாங்கினேன். ஏன் என்றால் "சண்டைதான்" என்கிறார் கடைக்காரர். உப்புக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

பிரபு: அக்கா, அது பெரும்பாலும் பாகிஸ்தான் சரக்கு. அங்கே பஞ்சாபில் கேவ்ரா என்ற சுரங்கத்தில் வெட்டி எடுப்பது. காஷ்மீரில் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்ற பிறகு, 2025 மே 2 முதல் பாகிஸ்தானிலிருந்து எதையும் இறக்குமதி செய்யக் கூடாது என்று தடை. வேறு நாடு சுற்றி வந்தாலும் கூடாது.

செல்வி: ஐயோ! நான் விரதச் சமையலுக்குப் போடுவது பாகிஸ்தான் உப்பா?

மேரி டீச்சர்: சித்த மருந்துக் கடையில் சைந்தவம் என்பார்களே, அதுவும் இதுதான். சிந்து நாட்டிலிருந்து வந்தது என்று அர்த்தம். பேரே ஊரைச் சொல்கிறது 😄

சுபேதார் ஐயா: தூத்துக்குடி உப்பு போதாதா அம்மா? ஆளைக் கொன்றுவிட்டு அனுப்புகிற உப்பு நமக்கு எதற்கு?

பிரபு: ஐயா சொல்வது நியாயம்தான். ஆனால் வியாபாரம் முன்பே பெரும்பாலும் செத்துவிட்டது. 1996இல் நாம் அவர்களுக்கு வர்த்தகத்தில் மிகவும் வேண்டிய நாடு என்ற அந்தஸ்து கொடுத்தோம். அவர்கள் திருப்பித் தரவே இல்லை. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு நாம் அதைப் பறித்து, அவர்கள் சரக்குக்கு 200 சதவீத வரி போட்டோம். அந்த ஆகஸ்டில் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நாம் நீக்கியதற்குக் கோபித்துக்கொண்டு நம் தூதரைத் திருப்பி அனுப்பிவிட்டு, வியாபாரத்தையும் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் முழுத் தூதர் கிடையாது, பொறுப்பு அதிகாரிகள்தான். இப்போது தூதரக அலுவலகத்துக்கு 30 பேர் என்று குறைத்தாயிற்று. 1960இல் போட்ட சிந்து நதி நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தமும் நிறுத்திவைப்பு.

போஜன் அண்ணா: உங்களுக்கு உப்பு, எங்களுக்குத் தேயிலை. குன்னூர் தேயிலை ஏலத்தில் பாகிஸ்தானுக்கென்று சிடிசி தூள் (மணி மணியாக இருக்கும் டீத்தூள்) எடுக்கிற ஆட்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்கள் நின்றதால்தான் பச்சை இலை விலை விழுந்தது என்று சொல்ல மாட்டேன், அதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் ஏலத்தில் கேட்கிற கை ஒன்று குறைந்தால் குறைந்ததுதான். பாகிஸ்தான்காரர்கள் டீ குடிப்பதை விட்டுவிடவில்லையே, கென்யாத் தூள் வாங்கிக் குடிக்கிறார்கள்.

சுபேதார் ஐயா: அதையும் ஒத்துக்கொள்கிறேன் போஜா. நான் அமிர்தசரஸ் பக்கம் இருந்தபோது அட்டாரி எல்லையில் மூட்டை தூக்கும் கூலிகளைப் பார்த்திருக்கிறேன். லாரி வந்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஆனாலும் தடை வேண்டும் என்றுதான் சொல்வேன்.

மேரி டீச்சர்: அப்படியென்றால் இரண்டு பக்கமும் பேச்சே இல்லையா?

பிரபு: பட்டியல் மாற்றுவது மட்டும் நடக்கிறது டீச்சர். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் யாரிடம் எங்கே அணு நிலையம் இருக்கிறது என்ற பட்டியலை மாற்றிக்கொள்கிறார்கள். 1988இல் போட்ட ஒப்பந்தம், 1992 முதல் பட்டியல். கார்கில் போருக்குப் பிறகும் நிற்கவில்லை. சிறைக் கைதிகள் பட்டியல் வருடத்துக்கு இரண்டு முறை. அதில் மீனவர்களும் உண்டு.

செல்வி: அணு உலை பட்டியல் போய் வருகிறது, உப்பு வரக் கூடாதா 🤦

பிரபு: உப்பைப் பற்றித் தெரியாது, பேரீச்சை வந்தது. தடைக்குப் பிறகு உலர் பேரீச்சை துபாய் போய், அமீரகச் சரக்கு என்று பெயர் மாறி இங்கே வந்தது. வருவாய்ப் புலனாய்வுத் துறை 39 கண்டெய்னர்களைப் பிடித்தது.

போஜன் அண்ணா: நம் இலையையும் யாராவது அப்படிச் சுற்றி அனுப்பினால் பரவாயில்லை 😂

சுபேதார் ஐயா: போஜா!!

செல்வி: அரை கிலோ வாங்கிவிட்டேன். ஐயா, திட்டாதீர்கள். பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எந்த நாடு என்றே போடவில்லை.

சுபேதார் ஐயா: பழைய சரக்காக இருக்கும். கரடிக்கு வனத்துறையில் சொல்லியாயிற்று, ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்.