சியாட்டில் அக்வேரியத்தின் கடற்கரைத் தன்னார்வலர் பணிக்கு உயிரியல் படித்திருக்க வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். பெல்வியூவில் மென்பொருள் பணியில் இருக்கிறேன். கடல் உள்வாங்கும் வேளையில் பாறைக்குட்டைகளில் வாழும் உயிர்களை மக்களுக்குக் காட்டி விளக்கும் அக்வேரியத் தன்னார்வலர்களைச் சென்ற ஞாயிறன்று சியாட்டிலின் ஆல்கி கடற்கரையில் மகளுடன் பார்த்ததிலிருந்து, நானும் சேர வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. பள்ளிக்கு மேல் உயிரியல் படித்ததில்லை. அது தடையாகுமா?

பதில் 1:
தடையாகாது, பயிற்சி அவர்களே தருகிறார்கள். முதலில், கடல் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் படிக்கப் பழகுங்கள். இங்கே நாள்தோறும் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஆனால் அவை சம அளவில் இருப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிகவும் தாழும். அந்தத் தாழ்வு கோடையில் பகலிலும் குளிர்காலத்தில் இரவிலும் வருவதால்தான் இந்தப் பணி கோடையில் நடக்கிறது. மெரினாவில் ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கே மூன்று மீட்டருக்கும் மேல் நீர் இறங்கிக் கடலின் தரையே வெளிப்பட்டது முதல் நாளில் பெரும் வியப்பாக இருந்தது.

பதில் 2:
படிப்பைவிடக் குனிந்து பார்க்கும் பொறுமைதான் தேவை. ஒருமுறை ஒரு சிறுவன், ஒரு பக்கம் பிளந்த சட்டைக் கழுத்துப்பட்டை போன்ற சாம்பல் நிற வளையம் ஒன்றை, ரப்பர் குப்பை என்று எண்ணிக் குப்பைத்தொட்டிக்கு எடுத்துச் சென்றான். அது நிலா நத்தையின் முட்டைப் பட்டை. தாய் நத்தை மணலைத் தன் கோழையால் ஒட்டி, நடுவே ஆயிரக்கணக்கான முட்டைகளை வைத்துத் தன் ஓட்டைச் சுற்றி அதை உருவாக்குகிறது; அதனால்தான் அதன் நடுவில் நத்தையின் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. இதைச் சொன்னதும் அவன் இரண்டு கைகளாலும் ஏந்திச் சென்று, எடுத்த ஈரமணலிலேயே வைத்துவிட்டு வந்தான். குட்டையில் எதையாவது தொடுவதானால் கையை நனைத்துக்கொண்டு ஒரு விரலால் மட்டும் தொடச் சொல்லுங்கள். புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே வைக்கச் சொல்லுங்கள்.

பதில் 3:
ஆல்கிக்குத் தெற்கேயுள்ள கான்ஸ்டலேஷன் பூங்காவின் பாறைகளில் ஊதா நிற நட்சத்திர மீனைக் கண்டால் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். ராபர்ட் பெய்ன் என்ற அறிஞர் 1960களில் இதே வாஷிங்டன் மாநிலத்தின் மக்கா விரிகுடாவில், ஒரு பாறைப் பகுதியிலிருந்து இவற்றை மட்டும் தொடர்ந்து அகற்றிவந்தார். தின்பவர் இல்லாததால் மட்டிகள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்ள, அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. உருவினால் மொத்த வளைவும் சரிந்துவிடும் உச்சிக்கல்லின் (keystone) பெயரை அவர் 1969இல், தான் இல்லாமல் போனால் மற்ற இனங்களும் குலையும் இத்தகைய உயிருக்குச் சூட்டினார். 2013 முதல் பரவிய உடல் கரையும் நோயில் நட்சத்திர மீன்கள் பெருமளவில் மடிந்தன. ஆகவே இன்று ஒன்று கண்ணில் பட்டாலும், நான் அருகில் இருப்பவர்களை அழைத்துக் காட்டாமல் நகர்வதில்லை.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. சென்ற ஞாயிறன்று அந்தச் சாம்பல் வளையத்தை நாங்களும் மிதித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறோம். இன்றே விண்ணப்பிக்கிறேன்.