எல்ஃப் செத்தால் எங்கே போகிறது? எங்கள் ஆட்டத்தில் நடந்தது

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை ஆட்டம். அதில் மனிதரைப் போன்ற கற்பனை இனமான எல்ஃப்களின் ஆன்மா பழைய சிக்கல். 1978-ல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிநூலில், செத்தவர்களில் யாரை 'ரெய்ஸ் டெட்' மந்திரம் எழுப்பும் என்று ஒரு பட்டியல் இருக்கும். மனிதர், குள்ளர் எல்லாம் உண்டு, பாதி எல்ஃப் கூட உண்டு. முழு எல்ஃப் கிடையாது. எல்ஃபுக்கு இருப்பது ஆன்மா இல்லை, மறுபடி பிறக்கும் ஆவி என்பது அந்தக் கால விளக்கம். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தத் தடையை எடுத்துவிட்டது. நாங்கள் ஆடுவது ஐந்தாம் பதிப்பு என்றாலும் எங்கள் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர், இந்த ஒரு பழைய விதியை விடவே மாட்டார். அது எனக்கும் பிடிக்கும்.

காட்டுக்குள் நடந்த சண்டையில் எங்கள் வில்லாளி, ஒரு வுட் எல்ஃப் (காட்டு எல்ஃப்), செத்து விழுந்துவிட்டான். ரெய்ஸ் டெட் பலிக்காது. நான் ஆடும் ட்ரூயிடிடம், அதாவது இயற்கை மந்திரவாதியிடம், செத்தவருக்குப் புது உடம்பு தரும் 'ரீஇன்கார்னேட்' மந்திரம் இருந்தது: ஆயிரம் பொற்காசு பெறுமான தைலம், ஒரு மணி நேரச் சடங்கு, கடைசியில் எந்த உடம்பு என்பதைப் பகடைதான் சொல்லும். மனித உடம்பு வந்தது.

நினைவு, திறமை எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் தூக்கத்துக்குப் பதிலாக எல்ஃபுக்கே உரிய நாலு மணி நேர தியானம் போய்விடும். அன்று ராத்திரி காவல் முறை பிரிக்கும்போது, வில்லாளியாக ஆடும் நண்பன், "நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டான். "தூங்கணும்டா" என்றார் டிஎம். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வில்லாளியின் குரலில் என் ட்ரூயிடிடம் கேட்டான்: "கண்ணை மூடினால் நான் எங்கே போவேன்?"

2018-ல் வந்த ஒரு விதிநூலின்படி, குழந்தை எல்ஃப்கள் தியானத்தில் பார்ப்பது போன பிறவிகளின் நினைவுகளை. அந்த வாசல் இவனுக்கு மூடிவிட்டது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

காலையில் செடிகொடிகளோடு பேச வைக்கும் 'ஸ்பீக் வித் பிளான்ட்ஸ்' மந்திரம் போட்டு, அவன் விழுந்த இடத்து மரத்திடம் கேட்டோம். செடிகொடிகளுக்கு முந்தைய ஒரு நாள் நடந்தது மட்டும்தான் தெரியும். டிஎம் மரத்துக்குக் கண் கொடுக்கவில்லை. வேருக்கு எட்டியதை மட்டும் சொன்னார். கனமான கால்கள், சூடாக ஒரு ஈரம், பிறகு அசையாத பாரம். "உள்ளே இருந்தது வெளியே போனதா?" என்று வில்லாளி கேட்டான். மரத்துக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

இயற்கை மந்திரத்தைப் பச்சை நிற நெருப்புக் குண்டாக ஆடும் குழுக்கள் நிறைய. எனக்கு அதில் ருசியில்லை. மரம் தனக்குத் தெரிந்ததைத் தன் வழியில் சொல்லட்டும். தெரியாததை மந்திரம் வரவழைக்கக் கூடாது.

எல்ஃபை ரெய்ஸ் டெட் எழுப்பாது என்ற இந்த விதியை வைத்து ஆடுவதாக இருந்தால் எல்ஃப் ஆடுகிறவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். உடம்பு மாறுவது எல்லாருக்கும் ஒத்துவராது. எங்கள் நண்பன் சம்மதித்துத்தான் வந்தான். இப்போது ஒவ்வொரு ராத்திரியும் முதல் காவல் எனக்கு என்று அவனே கேட்டு வாங்கிக்கொள்கிறான்.