புதுப்பிப்பு: டர்பனில் பழைய ஸ்பீக்கர் வாங்குவோருக்கு

பழைய ஸ்பீக்கரைச் சோதிப்பது பற்றிய என் இழையில் மல்டிமீட்டரில் (மின்தடை அளக்கும் கருவி) பார்க்கும் அளவை மட்டும் சொல்லியிருந்தேன்: 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டினால் சரி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி அன்பர்கள் கேட்டது, ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தைப் பற்றி. நம் கடலோர ஈரக்காற்றில் அது சீக்கிரம் மக்கிவிடும். விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ வளையம் போய்விட்டது. மாற்ற முடியும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ரப்பர் வளையம் நெடுநாள் நிற்கும்.

பிறகு கூம்பின் இருபுறமும் விரல் வைத்துச் சீராக உள்ளே அழுத்துங்கள். உரசல் கேட்டால், கூம்பின் பின்னால் ஒட்டியிருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) காந்த இடைவெளியில் இடிக்கிறது என்று பொருள். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஆம்ப்ளிஃபயரும் சேர்த்து விற்றால் பின்புறத் தகட்டைப் படியுங்கள்: 100 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது.